பாம்புச் செவியும் ஒரு டம்ளர் பாலும்

எனக்குப் பாம்புச் செவி என்று பெயர் வைத்தது யார் என்று தெரியாது. எங்கள் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்து போகிறவர்கள் முதுகுக்குப் பின்னால் அப்படித்தான் சொல்கிறார்கள். எவ்வளவு மெதுவாகச் சொன்னாலும் எனக்குக் கேட்டுவிடும், அதனால்தானே அந்தப் பெயர். போன வருஷம் ஊர்வன பற்றிய பாடத்தைப் பதிவு செய்தோம். பாம்புக்கு வெளிக்காதே கிடையாது என்று அதில் ஒரு வரி. பாடங்களுக்குக் குரல் கொடுக்கிற மேடம் அதை வாசித்துவிட்டு, பதிவறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தார். அந்த வாக்கியத்தை மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று.

சிரித்தால் என்ன என்று கேட்பீர்கள். சிரிப்பு குரலில் தெரியும். உதடு இழுபட்டால் சொல் கொஞ்சம் அகலமாகிவிடும். கேட்கிற பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு அது தெரியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் எனக்குக் கேட்கிறதே, நான் என்ன செய்ய.

நாங்கள் பதிவு செய்வது பள்ளிப் பாடங்கள். கண் தெரியாத பிள்ளைகளுக்கும், வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவர்களுக்கும் ஒரு பாடநூல் நிறுவனம் குரல் வடிவில் பாடங்களைக் கொடுக்கிறது. கட்டடத்தின் மேல் மாடியில் எங்களுக்கு இரண்டு அறைகள். உள்ளறையின் சுவர் முழுக்கப் பஞ்சு வைத்துத் தைத்த திரை. அங்கே மைக்கும் மேடமும் இருப்பார்கள். வெளியறையில் நானும் என் இயந்திரங்களும். நடுவில் இரட்டைக் கண்ணாடி. நான் ஏதாவது சொல்ல வேண்டுமானால் ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டு சொல்ல வேண்டும். விரலை எடுத்தால் என் குரல் உள்ளே போகாது. பல வருஷமாக நாங்கள் பேசிக்கொண்டதில் பெரும்பகுதி அந்தப் பொத்தான் வழியாகத்தான்.

எனக்குச் சத்தம் என்றால் ஆகாது. வளையல், கைக்கடிகாரம், மொடமொடக்கும் துணி, எதுவும் உள்ளே போகக் கூடாது. எச்சில் விழுங்கினால் நிறுத்துவேன். பக்கத்தைப் புரட்டுகிற சத்தம் கேட்டால் நிறுத்துவேன். ஒரு முறை முதலாளியின் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தையே பிடுங்கி வெளியே வைத்தவன் நான். "உங்ககூட குடும்பம் நடத்தினவங்க பாவம்" என்றார் முதலாளி. குடும்பம் நடத்தியவள் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. அவளும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தினமும் வாசிப்பு தொடங்கும் முன் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கதவைச் சாத்தி, மேடத்தை மைக் முன்னால் சும்மா உட்காரச் சொல்லி, அந்த அறையின் வெறும் அமைதியைப் பதிவு செய்துகொள்வேன். ஒவ்வொரு அறைக்கும் தனக்கென்று ஒரு மெல்லிய ஓசை இருக்கிறது. பிறகு ஒரு இருமலையோ தும்மலையோ வெட்டி எடுத்தால் அந்தப் பள்ளத்தை இந்த அமைதியை வைத்து நிரப்பலாம். அந்தக் கொஞ்ச நேரம் அவரும் அசைய மாட்டார், நானும் அசைய மாட்டேன். ஒருவரை ஒருவர் பார்த்தும் பார்க்காத மாதிரி உட்கார்ந்திருப்போம். எனக்கு அந்த நேரம் பிடிக்கும். இந்த வயதில் அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

போன மழைக்காலத்தில் மேடத்துக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அதுவரை எங்களுக்குக் கீழே இருக்கிற கடையிலிருந்துதான் டீ வரும். அந்தக் கடைக்காரர் பாலை டீக்குக் காட்டிவிட்டு எடுத்துவிடுகிற ஆள். இந்தத் தண்ணீரைக் குடித்தால் தொண்டை எப்படித் தேறும் என்று எனக்கு எரிச்சல். ஒரு சின்ன மின்னடுப்பும் பாத்திரமும் வாங்கி வந்து வெளியறை மூலையில் வைத்தேன். கெட்டியான பாலாகப் பார்த்து வாங்கிக் காய்ச்சி, பேருக்கு ஒரு சிட்டிகை காப்பித்தூள் போட்டு, உயரமான டம்ளரில் ஊற்றிக் கொண்டுபோய் நீட்டினேன்.

மேடம் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடிக்காமல் நின்றார்.

"ரொம்ப சூடா இருக்கா மேடம்?"

"இல்ல சார். குடிக்கிறேன்."

அன்றிலிருந்து தினமும் காலையில் அந்த டம்ளர். தொண்டை சரியான பிறகும் நான் நிறுத்தவில்லை. மேடம் இருப்பது அண்ணன் வீட்டில். கல்யாணம் ஆகவில்லை. அண்ணன், அண்ணி, பிள்ளைகள் என்று அத்தனை பேருக்கும் சமைத்து, டப்பாக்களில் அடைத்துக் கொடுத்துவிட்டு, ஓடிவந்து பஸ் பிடிப்பார். இதை அவர் என்னிடம் புலம்பியதில்லை. காலை முதல் பக்கத்தில் அவர் குரலில் இருக்கும் களைப்பை வைத்து, நானாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

டம்ளர் தொடங்கிக் கொஞ்ச நாளில் அந்தச் சத்தமும் தொடங்கியது. முதல் முறை கேட்டபோது மேலே யாரோ மேசையை நகர்த்துகிறார்கள் என்று நினைத்தேன். மேலே இருப்பது மொட்டை மாடி. ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஒரு காக்கை கூட இல்லை. மறுபடி ஹெட்போனை மாட்டிக் கேட்டபோதுதான் புரிந்தது. சத்தம் மேடத்தின் வயிற்றிலிருந்து வருகிறது. கடகடவென்று ஒரு உருட்டல், பிறகு ஒரு நீண்ட இழுப்பு, பிறகு கேள்வி கேட்கிற மாதிரி ஒரு சின்ன முனகல்.

இதை எப்படிச் சொல்வது? வளையலைக் கழற்றச் சொல்லலாம், வயிற்றைக் கழற்றச் சொல்ல முடியுமா? ஒரு பெண்பிள்ளையிடம், அதுவும் பல வருஷமாக மேடம் என்று கூப்பிட்டுப் பழகியவரிடம், பொத்தானை அழுத்திக்கொண்டு உங்கள் வயிறு கத்துகிறது என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. எச்சில் சத்தத்துக்கு எகிறிக் குதிக்கிறவன் இதற்கு வாயை மூடிக்கொண்டேன்.

மேடம் போன பிறகு சாயங்காலம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெட்டினேன். இரண்டு வாக்கியத்துக்கு நடுவில் வயிறு பேசினால் வெட்டிவிட்டு அறையின் அமைதியை வைத்து ஒட்டலாம். ஆனால் அவர் பேசும்போதே வயிறும் சேர்ந்து பேசினால் ஒன்றும் செய்ய முடியாது. சொல்லுக்கு அடியில் அது அப்படியே கிடக்கும்.

அது ஒரு நாள் வினையாக வந்து நின்றது. பாடநூல் நிறுவனத்து அதிகாரி போன் செய்தார். சின்ன வயசுதான், மரியாதையான பையன்.

"சார், பாடத்துக்கு அடியில ஏதோ உருளுது."

"ரோட்டுல பஸ் போயிருக்கும்."

"எங்க ஆளுங்க எல்லாரும் கேட்டுப் பார்த்தாச்சு சார். பஸ் இல்ல. வயிறு."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"மேல் வகுப்புப் பாடம் முழுக்க மேடமே வாசிக்கணும்னுதான் எனக்கு ஆசை. ஆனா ஆபீஸ்ல கம்ப்யூட்டர் குரலைப் போட்டுடலாம்னு சொல்றாங்க. அதுக்கு வயிறு கிடையாது சார்."

"உயிரும் கிடையாது."

"அது எனக்குத் தெரியுது. வெள்ளிக்கிழமை சாயந்திரம் நானே வர்றேன். அன்னிக்கு எடுக்கற பாடத்தைச் சுத்தமா குடுத்துருங்க. அதைப் போட்டுக் காட்டித்தான் நான் மேல பேச முடியும்."

போனை வைத்தேன். மேல் வகுப்பு கைவிட்டுப் போனால் மேடத்துக்கு இங்கே வேலை இல்லை. பிறகு காலை முதல் இரவு வரை அண்ணன் வீட்டு அடுப்படிதான். கம்ப்யூட்டர் குரலுக்குக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஆளும் தேவையில்லை. அதைக்கூட நான் பெரிதாக நினைக்கவில்லை. அந்த உள்ளறையில் யாரும் உட்காராமல் மைக் மட்டும் நிற்பதைத்தான் நினைத்துப் பார்த்தேன்.

மேடத்திடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் வயிற்றுக் கதையையும் சொல்ல வேண்டும். தவிர, பயந்த குரல் உடனே கரகரக்கும். நானே சரிசெய்துவிடலாம் என்று பார்த்தேன். பசியில்தான் வயிறு இரைகிறது என்பது என் முடிவு.

"காலையில சாப்பிட்டுத்தானே வர்றீங்க மேடம்?"

"ரொட்டியும் உருளைக்கிழங்கும் சார்."

"நின்னுக்கிட்டேவா?"

"உட்கார்ந்தா பஸ் போயிடுமே."

"நல்லா மென்னு சாப்பிடுங்க."

"சரிங்க டாக்டர்."

மறுநாளிலிருந்து டம்ளரில் விளிம்பு வரை பால் ஊற்றினேன். கூடவே ஒரு பன். வயிறு இன்னும் உரக்கப் பேசியது.

நடுவில் எனக்குப் பல்வலி வந்தது. இரண்டு நாள் லீவு போட்டுப் பல்லைப் பிடுங்கிக்கொண்டேன். என் நாற்காலியில் முதலாளியே உட்கார்ந்து பதிவு செய்திருந்தார். திரும்பி வந்து, என்ன குப்பையாக எடுத்து வைத்திருக்கிறாரோ என்று போட்டுக் கேட்டால், அத்தனையும் பளிச்சென்று இருக்கிறது. ஒரு உருட்டல் இல்லை, ஒரு முனகல் இல்லை.

"என் முன்னாடி சமத்தா வாசிச்சாங்களே" என்றார் முதலாளி. "உங்க மூஞ்சியைப் பார்த்தாத்தான் அவங்களுக்கு வயித்தைக் கலக்குது போல."

அவர் விளையாட்டுக்குச் சொன்னார். எனக்குச் சுருக்கென்று தைத்தது. பல் பிடுங்கிய இடத்தைவிட அதுதான் அதிகம் வலித்தது. இத்தனை வருஷம் நான் போட்ட கூச்சல் ஒவ்வொன்றும் ஞாபகம் வந்தது. ஒரு தடவை கையிலிருந்த பேனாவை அவர் தெரியாமல் மேசையில் வைத்துவிட்டார் என்பதற்காக எப்படிக் கத்தினேன். பாவம், என்னைப் பார்த்தாலே அந்த அம்மாளுக்கு வயிறு நடுங்குகிறது.

அதிலிருந்து நான் பரம சாது ஆகிவிட்டேன். எதற்கும் "பரவாயில்ல மேடம்" என்றேன். மேடம் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "உடம்பு சரியில்லையா சார்?" என்று கூடக் கேட்டார். அன்பைக் காட்ட எனக்குத் தெரிந்த ஒரே வழி அந்த டம்ளர்தான். அதைவிடப் பெரிய டம்ளர் ஒன்று வாங்கினேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. அன்றைக்குப் பாடம், மாவுச்சத்து உடம்பில் எப்படிச் செரிக்கிறது என்பது. தலைப்பை இரண்டு முறை படித்துப் பார்த்தேன். வேறு ஏதாவது ஒரு பாடம் இன்றைக்கு வந்து தொலைக்கக் கூடாதா என்று மனசுக்குள் திட்டினேன். மேடம் பாலைக் குடித்துவிட்டு டம்ளரைப் பக்கத்து முக்காலியில் வைத்தார். அறையின் அமைதியைப் பதிவு செய்தேன். சுத்தமாக இருந்தது. பதிவு ஓடுகிறது என்று காட்டும் சிவப்பு விளக்கைப் போட்டேன்.

"செரிமானம் வாயிலேயே தொடங்கிவிடுகிறது" என்று வாசித்தார் மேடம். "உமிழ்நீரில் இருக்கும் நொதி மாவுச்சத்தின் நீண்ட சங்கிலியைத் துண்டு துண்டாக வெட்டத் தொடங்குகிறது. ஒரு ரொட்டித் துண்டை விழுங்காமல் மென்றுகொண்டே இருங்கள். கொஞ்ச நேரத்தில் அது இனிக்கும்."

என் கையில் பன் இருந்தது. ஒரு வாய் மென்று பார்த்தேன். அது சர்க்கரை போட்ட பன், சோதனைக்கு ஆகாது.

மேடம் நன்றாக வாசித்தார். இரைப்பைக்குப் போனதும் அங்கே இருக்கும் அமிலத்தில் உமிழ்நீரின் வேலை நின்றுவிடும். பிறகு சிறுகுடலில் கணையத்திலிருந்து வரும் நீர் மிச்ச வெட்டு வேலையைத் தொடரும். கடைசியில் குடல் சுவரிலேயே இருக்கும் நொதிகள் எல்லாவற்றையும் ஒற்றைச் சர்க்கரையாகப் பிரித்துவிடும். ஒற்றையானால்தான் ரத்தத்துக்குள் போக வழி உண்டு. எனக்கே சுவாரசியமாக இருந்தது. என்னைப் போலவே ஏதோ ஒருவன் உள்ளே உட்கார்ந்து வெட்டிக்கொண்டே இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது முதல் உருட்டல் கேட்டது.

சொல்லுக்கு அடியிலேயே வந்தது. வெட்ட முடியாது. நிறுத்தலாமா என்று விரல் பொத்தானுக்குப் போனது. என்ன சொல்லி நிறுத்துவது? மேடம் பாட்டுக்கு வாசித்துக்கொண்டே போனார். எல்லா மாவுச்சத்தும் ஒரே வேகத்தில் செரிக்காதாம். உமி போகாத தானியத்தில் இருக்கிற நார்ச்சத்து அதை மெதுவாக்கும். கூடவே கொழுப்போ முட்டையோ சாப்பிட்டால் உணவு இரைப்பையை விட்டு இறங்கவே நேரமாகும். வேகவைத்த உருளைக்கிழங்கை ஆறவிட்டுச் சாப்பிட்டால் அதில் ஒரு பங்கு செரிக்காத வகையாக இறுகிப்போயிருக்கும். ஒவ்வொரு வரிக்கும் வயிறு ஆமாம் போட்டது. சாயங்காலம் அந்தப் பையன் வந்து இதைத்தான் கேட்கப் போகிறான்.

"பாலில் இருக்கும் சர்க்கரைக்கு லாக்டோஸ் என்று பெயர்" என்றார் மேடம். "அதைப் பிளக்கும் நொதி குழந்தைகளிடம் நிறைய இருக்கும். வளர்ந்த பிறகு பலருக்கு அது குறைந்துவிடும். அப்படிப்பட்டவர்கள் கொஞ்சம் பால் குடித்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. நிறையக் குடித்தால், பிளவுபடாத சர்க்கரை அப்படியே பெருங்குடலுக்குப் போகும். அங்கே வாழும் நுண்ணுயிர்கள் அதைத் தின்று வாயுவை உண்டாக்கும். அப்போது வயிறு உப்பும், இரையும்..."

மேடம் நிறுத்தினார். அந்த அமைதியில் வயிறு மட்டும் பேசியது. கடகடவென்று தொடங்கி, நீளமாக இழுத்து, கடைசியில் அந்தக் கேள்வி முனகல்.

நான் முக்காலியில் இருந்த காலி டம்ளரைப் பார்த்தேன். நான் பார்ப்பதை மேடம் பார்த்தார்.

எல்லாம் வரிசையாக வந்து நின்றது. கடை டீ குடித்த காலத்தில் சத்தம் கிடையாது. பல் பிடுங்கிய இரண்டு நாளும் அடுப்பு பற்றவில்லை, சத்தமும் இல்லை. பெரிய டம்ளர் வாங்கினேன், பெரிய சத்தம் வந்தது. காதுக்கு எட்டியதெல்லாம் இந்த மரமண்டைக்கு எட்டவில்லையே என்று இருந்தது.

"சார்" என்றார் மேடம். "இது மைக்ல கேக்குதா?"

பொத்தானை அழுத்தினேன். "கேக்குது மேடம்."

"இன்னிக்கு மட்டுமா?"

"மழைக்காலத்துலேர்ந்து."

"அய்யோ!" கையால் முகத்தை மூடிக்கொண்டார். "நீங்க ஒரு நாளும் நிறுத்தலையே. எச்சில் முழுங்கினாலே நிறுத்துற மனுஷன் இதுக்கு நிறுத்தலன்னா, மைக்குக்குக் கேக்கலன்னுதானே நான் நினைச்சேன்."

"அதை நான் எப்படி மேடம் சொல்லுவேன்?"

பிறகு அதிகாரி போன் செய்ததைச் சொன்னேன். கம்ப்யூட்டர் குரலைப் பற்றியும், இன்று சாயங்காலம் அவர் வரப் போவதையும் சொன்னேன். மேடம் முகத்திலிருந்து கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"பாலாலதான்னு எனக்குத் தெரியாது மேடம். சத்தியமா தெரியாது."

"எனக்குத் தெரியும்" என்றார்.

"என்னது?"

"நீங்க பல்லு புடுங்கப் போனீங்களே, அப்பத்தான் தெரிஞ்சுது. பால் இல்ல, வயிறு கம்முனு இருந்துச்சு. நீங்க திரும்பி வந்து டம்ளரை நீட்டினீங்க. அரைமணியில ஆரம்பிச்சிருச்சு."

எனக்குப் பழைய கோபம் தலைக்கு ஏறியது. "தெரிஞ்சா அப்புறம் ஏன் குடிச்சீங்க? வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வலிக்குதா?"

"கத்தாதீங்க" என்றார் மேடம். அவர் மைக்கை விட்டு விலகவில்லை. அவர் மெதுவாகப் பேசியது ஹெட்போனில் என் காதுக்குள்ளேயே கேட்டது. "வீட்டுல எல்லாருக்கும் நான்தான் சார் கலக்கிக் குடுப்பேன். அண்ணனுக்கு சர்க்கரை இல்லாம, அண்ணிக்குத் திக்கா, பிள்ளைங்களுக்கு ஆத்தி. நீ குடிச்சியான்னு ஒருத்தர் ஒரு நாள் கேட்டது கிடையாது. இங்க ஒருத்தர் எனக்குன்னு அடுப்பு வாங்கி வச்சு, காய்ச்சி, கையில கொண்டுவந்து குடுக்கறார். அதைப் போய் வேண்டாம்னு எந்த வாயால சார் சொல்லுவேன்? வயிறு என்னமோ பண்ணிட்டுப் போகுதுன்னு விட்டுட்டேன்."

என் விரல் பொத்தானில் இருந்தது. கண் கலங்கிவிட்டது. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து போய் உள்ளறைக் கதவைத் திறந்தேன். சிவப்பு விளக்கு எரியும்போது அந்தக் கதவை யாராவது திறந்தால் கொலையே செய்திருப்பேன்.

"நான் சத்தத்தைப் பார்த்துத்தான் கத்துவேன் மேடம்" என்றேன். "உங்களைப் பார்த்து இல்ல."

"இது எனக்குத் தெரியாதா? பயமா இருந்தா இத்தனை வருஷம் வருவேனா?"

அதற்குப் பதில் வயிற்றிலிருந்துதான் வந்தது. மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எனக்கும்தான்.

இப்போது செய்வதற்கு ஒன்றும் இல்லை. உள்ளே போன பால் தன் வேலையை முடித்துக்கொண்டு ஓய வேண்டும். அதை அவசரப்படுத்த எந்தப் பொத்தானும் கிடையாது. பூட்டிவிட்டுக் கீழே இறங்கினோம். இத்தனை வருஷத்தில் நாங்கள் சேர்ந்து தெருவில் நடப்பது அதுதான் முதல் தடவை. கண்ணாடி வெட்டுகிற கடை, துணிக்கடை, பஸ் நிறுத்தம் என்று ஒரு சுற்று வந்தோம். லாரி ஹாரனும் கண்ணாடி அறுக்கிற கீச்சொலியும் சேர்ந்து காதைக் கிழித்தன. வேறு ஒரு நாளாக இருந்தால் பத்துப் பேரிடம் சண்டை போட்டிருப்பேன்.

"இங்க வயிறு எவ்வளவு கத்தினாலும் யாருக்கும் கேக்காது" என்றார் மேடம்.

"எனக்குக் கேக்குது."

"அப்ப ரெண்டடி தள்ளி நடங்க."

நான் தள்ளி நடக்கவில்லை.

மத்தியானம் ஒரு சாப்பாட்டுக் கடையில் ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டோம். மேடம் ஒவ்வொரு வாயையும் வேண்டுமென்றே மென்று மென்று, "இனிக்குது சார், இனிக்குது" என்று பாடத்தைக் கேலி செய்தார். உட்கார்ந்து சாப்பிட்டார். பஸ்ஸைப் பற்றிய கவலை இல்லாமல் அவர் சாப்பிடுவதை நான் பார்த்ததில்லை. நானோ அதிகாரி வருவதை நினைத்துக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேடம் என் தட்டிலிருந்த முட்டையையும் எடுத்துக்கொண்டார்.

வெயில் சாய்ந்ததும் மேலே வந்தோம். கதவைச் சாத்தி முதலில் அறையின் அமைதியைப் பதிவு செய்தேன். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் கேட்டேன். தேவைக்கு மேலேயே கேட்டேன். மேடம் கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், நானும் பார்த்தேன். பிறகு சிவப்பு விளக்கைப் போட்டேன்.

வாயிலிருந்து இரைப்பைக்கு, இரைப்பையிலிருந்து சிறுகுடலுக்கு என்று மேடம் ஒரு தடங்கல் இல்லாமல் போனார். வயிறு வாயைத் திறக்கவில்லை. பால் வந்தது. லாக்டோஸ் வந்தது. "நிறையக் குடித்தால்" என்ற இடத்தில் அவர் குரல் அகலமானது. சிரிக்கிறார். உதடு இழுபட்டுவிட்டது. என் விரல் பழக்கதோஷத்தில் பொத்தானுக்குப் போனது. அழுத்தவில்லை. அவர் தொடர்ந்து, தயிரில் இருக்கும் நுண்ணுயிர்கள் பால் சர்க்கரையில் ஒரு பகுதியை முன்பே தின்றுவிடுவதால் பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்ளும் என்று படித்து முடித்தார்.

அதிகாரி வந்து என் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடி முழுப் பாடத்தையும் கேட்டார். மேடம் உள்ளறையிலேயே, வளையல் இல்லாத கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சுத்தமா இருக்கு சார்" என்றார் அதிகாரி. "ஒரே ஒரு இடம். அந்தப் பால் பகுதியில குரல் கொஞ்சம் மாறுது. சிரிச்ச மாதிரி. அதை மட்டும் திருப்பி எடுத்துடுங்களேன்."

பையனுக்குக் காது இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

"எடுக்க முடியாது" என்றேன்.

"ஏன் சார்? நீங்க எச்சில் சத்தத்துக்கே..."

"அது சத்தம் இல்ல தம்பி."

அவர் என்னைப் பார்த்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேடத்தைப் பார்த்தார். "கம்ப்யூட்டர் குரலுக்கு இது வராதுதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பதிவை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். போகும்போது ஒன்றும் உறுதியாகச் சொல்லவில்லை.

சனி, ஞாயிறு எனக்கு எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். திங்கட்கிழமை காலை நான் வீட்டிலிருந்து கிளம்பும்போது முதலாளி போன் செய்தார். மேல் வகுப்புப் பாடம் முழுவதும் மேடத்துக்கே என்று தகவல் வந்துவிட்டதாம், மேடத்திடமும் சொல்லிவிட்டாராம். "என்னய்யா மாயம் பண்ணீங்க?" என்றார். எனக்கு அவரோடு பேச நேரம் இல்லை. இந்த வயதில் மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறியவன் நானாகத்தான் இருப்பேன்.

கதவு திறந்திருந்தது. மேடம் முன்னாடியே வந்துவிட்டார். மின்னடுப்பில் பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது. முக்காலியில் இரண்டு டம்ளர். ஒன்றில் பால் கலக்காத டீ, அது அவருக்கு. இன்னொன்றில் நுரை கட்டி நிற்கிற பால் காப்பி.

"உட்காருங்க சார். இன்னிக்கு நான்."

உட்கார்ந்து வாங்கினேன். ஒரு வாய் குடித்தேன். சர்க்கரை! நான் காப்பியில் சர்க்கரை சேர்ப்பதே கிடையாது. வாலிபத்திலிருந்தே அந்த இனிப்பு எனக்குக் குமட்டும். இதில் இரண்டு கரண்டியாவது போட்டிருப்பார். மேடம் தன் டம்ளரைத் தொடாமல், நான் குடிப்பதையே பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டில் அத்தனை பேருக்கும் முடித்துவிட்டு, முந்தைய பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறார். கண்ணில் தூக்கம் தெரிந்தது. நான் இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.

"நல்லா இருந்துதா சார்?"

"மேடம்" என்றேன், "நான் சர்க்கரை போட்டுக்கறதில்ல."

மேடம் தலையில் அடித்துக்கொண்டார். "அட கடவுளே! அதை முதல் வாயிலேயே சொல்றதுக்கு என்ன?"

காலி டம்ளரை அவரிடம் நீட்டினேன்.

"எந்த வாயால மேடம் சொல்லுவேன்?"